தொடாமலே இரும்பை வெட்டும் நூல் கம்பி... 'வயர் கட்' எந்திரம் எப்படி வேலை செய்கிறது? மோல்டு, டை தொழிலில் இது ஏன் இவ்வளவு முக்கியம்?

வீட்டுக்கு வீடு ஓடும் தண்ணீர் பம்ப் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே செம்புக் கம்பி சுற்றியிருக்கும் இரும்பு உருளை ஒன்று தெரியும். பார்க்க ஒரே கட்டி மாதிரி இருக்கும். ஆனால் அது கட்டி இல்லை. அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள தகடுகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி செய்தது. ஒவ்வொரு தகட்டிலும் கம்பி உட்காருவதற்கான பள்ளங்கள் ஒரே அச்சாக இருக்கும்.

தகட்டை வெட்டுவது பிரஸ்ஸில் மாட்டியிருக்கும் 'டை'. சரி, அந்த டையை வெட்டியது யார்? கண்ணாடியைக்கூடக் கீறும் அளவுக்குக் கடினமாக்கிய இரும்பில், அத்தனை நுணுக்கமான பள்ளங்களை எந்த உளி போட்டு எடுத்தார்கள்?

உளியே இல்லை என்பதுதான் பதில். தையல் நூல் தடிமனில் ஒரு பித்தளைக் கம்பி. அதுவும் இரும்பைத் தொடுவதில்லை. கோவை, ஓசூர், அம்பத்தூர் என டூல் ரூம்கள் நிறைந்த ஊர்களில் எல்லோரும் 'வயர் கட்' என்று கூப்பிடும் வயர் இடிஎம் எந்திரம் இதுதான். பலகையில் 'இங்கு வயர் கட் செய்து தரப்படும்' என்று பார்த்துவிட்டு, எலெக்ட்ரிக் வயர் கடை என்று நினைத்துக் கடந்து போனவர்கள் நிறைய பேர் உண்டு.

தொடாமல் எப்படி வெட்டும்?

இரும்புக்கும் கம்பிக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். அந்தக் கணக்கில் சுமார் 20 முதல் 50 மைக்ரான் இடைவெளி. நம்முடைய ஒரு தலைமுடியே பொதுவாக 50 முதல் 100 மைக்ரான் தடிமன் இருக்கும். அதைவிடக் குறுகலான சந்து.

அந்தச் சந்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கம்பிக்கும் இரும்புக்கும் மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாகக் கொடுப்பார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் எங்கே இடைவெளி மிகக் குறைவோ அங்கே ஒரு தீப்பொறி பாயும். பொறி விழுந்த புள்ளியில் வெப்பம் பல ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தொடும். இரும்பு உருகுவதற்கு 1,500 டிகிரியே போதும் என்பதால், அந்தப் புள்ளி உருகி ஆவியாகி ஒரு குட்டிப் பள்ளம் விழும். மறுநொடியே தண்ணீர் உள்ளே பாய்ந்து, உருகியதைக் குளிரவைத்து, தூளாக அடித்துக்கொண்டு போய்விடும்.

இது ஒரு பொறியின் கதை. ஒரு விநாடிக்கு இப்படிப் பல்லாயிரம் பொறிகள். எந்திரத்துக்கு வெளியே நின்று பார்த்தால் தண்ணீருக்குள் நீலமாக ஒரு சின்ன வெளிச்சம் ஒரே இடத்தில் நிற்பதுபோலத்தான் தெரியும்.

கம்பியும் தேயும். இரும்பை அரிக்கும் பொறி கம்பியையும் அரிக்கத்தானே செய்யும்? அதனால்தான் கம்பி ஒரே இடத்தில் நிற்பதில்லை. மேலே இருக்கும் உருளையிலிருந்து கீழே குப்பைத் தொட்டி வரை, நிமிடத்துக்குப் பல மீட்டர் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். வெட்டுகிற இடத்தில் எப்போதும் புதுக் கம்பிதான். மேலும் கீழும் வைர வழிகாட்டிகள் அதை அசையாமல் பிடித்திருக்கும். கணினி சொல்லும் பாதையில் மேசை நகரும், அல்லது கம்பியைப் பிடித்திருக்கும் தலை நகரும். ரம்பம் போட்டு மரத்தை அறுப்பது மாதிரிதான், ஆனால் பல்லும் கிடையாது, உராய்வும் கிடையாது.

பொதுவாகப் பயன்படுத்துவது 0.25 மி.மீ. பித்தளைக் கம்பி. நுண்ணிய வேலைக்கு 0.1 மி.மீ., அதற்கும் கீழே போனால் 0.02 மி.மீ. டங்ஸ்டன் கம்பி வரை உண்டு.

ஒரே ஒரு நிபந்தனை. வெட்டப்படும் பொருளில் மின்சாரம் பாய வேண்டும். கண்ணாடி, பிளாஸ்டிக், சாதாரண பீங்கான் எதுவும் ஆகாது. மின்சாரம் பாய்ந்தால் போதும், எவ்வளவு கடினம் என்ற கேள்வியே எழாது. கார்பைடு, டைட்டானியம், கடினமாக்கிய டூல் ஸ்டீல் எல்லாம் ஒன்றுதான்.

கடினம் ஒரு பிரச்சினையே இல்லை என்றால் என்ன ஆகும்?

வயர் கட் வந்ததால் டூல் ரூமில் நடந்த உண்மையான மாற்றம் இங்கேதான் இருக்கிறது. வேகமும் துல்லியமும் பிறகு வந்தவை. முதலில் மாறியது வேலையின் வரிசை.

டை என்றால் லட்சக்கணக்கான தடவை தகட்டை வெட்ட வேண்டும். மென்மையான இரும்பில் செய்தால் சில நாளில் முனை மழுங்கிவிடும். அதனால் டி2 போன்ற டூல் ஸ்டீலை எடுத்து, சுமார் 1,000 டிகிரிக்கு மேல் சூடேற்றி, குளிரவைத்து கடினமாக்குவார்கள். பட்டறை மொழியில் 'ஹார்டனிங்'. அதற்குப் பிறகு அது ராக்வெல் சி அளவில் 60-ஐ ஒட்டி நிற்கும். சாதாரண டிரில் பிட்டை வைத்தால் பிட்தான் தேயும்.

எனவே பழைய முறையில் வழி ஒன்றுதான். இரும்பு மென்மையாக இருக்கும்போதே மில்லிங், டிரில்லிங் எல்லாம் முடித்து, அரத்தால் ராவி, வடிவத்தைக் கொண்டுவந்துவிட வேண்டும். கடைசியில் ஹார்டனிங். ஆனால் உலைக்குப் போன இரும்பு போனபடியே திரும்பி வராது. கொஞ்சம் நீளும், கொஞ்சம் வளையும். 100 மி.மீ. துண்டு நூறில் சில பங்கு மில்லிமீட்டர் மாறினாலே, டைக்குள் பஞ்ச் இறங்காது. மூன்று வாரம் உழைத்தது உலையில் ஒரே நாளில் கெட்டுப்போகும் ஆபத்து ஒவ்வொரு டைக்கும் இருந்தது. அதைச் சரிசெய்யக் கைத்திறன் வாய்ந்த ஃபிட்டர்கள் வேண்டும். இல்லையென்றால் டையைத் துண்டு துண்டாகச் செய்து, ஒவ்வொன்றையும் கிரைண்டிங்கில் சரிசெய்து, கடைசியில் சேர்த்துக் கட்ட வேண்டும்.

வயர் கட் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. முதலில் இரும்புக் கட்டியில் ஒரு சின்ன ஓட்டை போடு. ஹார்டனிங்குக்கு அனுப்பு. வளைய வேண்டியது எல்லாம் அங்கேயே வளைந்து முடியட்டும். திரும்பி வந்ததும் மேல், கீழ் முகத்தை கிரைண்ட் செய்துவிட்டு, அந்த ஓட்டையில் கம்பியைக் கோத்து இறுதி வடிவத்தை வெட்டு. அவ்வளவுதான். வெட்டிய பிறகு உலை இல்லை என்பதால், எந்திரம் கொடுத்த அளவே கடைசி அளவு.

ஓட்டை போட மறந்துவிட்டு ஹார்டனிங்குக்கு அனுப்பினால்? அதுவும் நடக்கும். அதற்காகவே 'இடிஎம் டிரில்' என்று ஒரு தம்பி எந்திரம் பக்கத்தில் நிற்கும். மெல்லிய பித்தளைக் குழாயால், அதே தீப்பொறி முறையில், கடின இரும்பிலும் ஒரு மில்லிமீட்டர் ஓட்டையைச் சில நிமிடங்களில் போட்டுவிடும்.

மோட்டார் தகட்டில் 25 மைக்ரான் என்ன செய்யும்?

மீண்டும் அந்த பம்ப் மோட்டாருக்கு வருவோம். தகட்டை வெட்டும்போது மேலிருந்து இறங்கும் ஆண் பகுதி பஞ்ச். கீழே இருக்கும் பெண் பகுதி டை. இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஒரே அளவு இடைவெளி வேண்டும். தகட்டின் தடிமனில் ஒரு பக்கத்துக்கு சுமார் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தகடு 0.5 மி.மீ. என்றால் இடைவெளி 0.025 மி.மீ., அதாவது 25 மைக்ரான்.

இது ஒரு பக்கம் 40, இன்னொரு பக்கம் 10 என்று போனால் என்ன கெடும்? அதிகமான பக்கத்தில் தகட்டின் விளிம்பு சுத்தமாக வெட்டுப்படாமல் கிழிந்து, பிசிறு தூக்கி நிற்கும். குறைந்த பக்கத்தில் பஞ்சும் டையும் உரசி மழுங்கும். பிசிறு சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் மோட்டாரில் கட்டி இரும்பு போடாமல் தகடுகளை அடுக்குவதற்கே காரணம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் பாயக் கூடாது என்பதுதான். தகட்டின் மேல் அதற்காகவே காப்புப் பூச்சு இருக்கும். பிசிறு அந்தப் பூச்சைக் குத்திக்கொண்டு பக்கத்துத் தகட்டைத் தொட்டால், சுழல் மின்னோட்டம் பாய்ந்து இரும்பு வீணாகச் சூடாகும். மோட்டார் கொதிக்கும், கரண்ட் பில் ஏறும். தோட்டத்தில் மோட்டார் ஓட்டுபவருக்கு இந்த மைக்ரான் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதன் விலையை அவர்தான் கொடுக்கிறார்.

வயர் கட்டில் இந்த இடைவெளியைப் பிடிப்பது வியப்பூட்டும் அளவுக்கு எளிது. பஞ்சுக்கும் டைக்கும் வடிவம் ஒன்றுதான். ஒரே வரைபடம், ஒரே புரோகிராம். கம்பி கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்ற 'ஆஃப்செட்' எண்ணை மட்டும் மாற்றினால் போதும். அதே பாதையில் பஞ்சும் வரும், 25 மைக்ரான் பெரிதாக டையும் வரும். முன்பு ஒரு ஃபிட்டர் நீலச் சாயம் பூசி, பொருத்திப் பார்த்து, ராவி, மறுபடி பொருத்திப் பார்த்துக் கொண்டுவந்த இடைவெளி இது.

வெட்டிய தகட்டுத் துண்டு டைக்குள் சிக்காமல் கீழே விழ, ஓட்டை கீழ்நோக்கிக் கொஞ்சம் விரிந்திருக்க வேண்டும். அதற்கும் தனி வேலை இல்லை. கம்பியின் மேல் முனையையும் கீழ் முனையையும் தனித்தனியாக நகர்த்தினால் கம்பி சாயும், சாய்ந்தே வெட்டும். மேலே வட்டம், கீழே சதுரம் என்றுகூட வெட்டலாம்.

பிளாஸ்டிக் மோல்டில் எங்கே வருகிறது?

தண்ணீர் பாட்டில் மூடி, செல்போன் கவர், சுவிட்ச் போர்டு. எல்லாமே மோல்டில் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி எடுப்பவை. மோல்டு என்பது மூடித் திறக்கும் இரண்டு பாதிகள். நடுவில் பொருளின் வடிவத்தில் குழி. இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் குழியை வயர் கட் செய்யாது. செய்யவும் முடியாது.

காரணம் எளிது. கம்பி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும். அடிப்பாகம் மூடிய குழியில் அது எங்கே போய் வெளியே வரும்? அந்த வேலை சிஎன்சி மில்லிங்குக்கும், 'ஸ்பார்க்' என்று அழைக்கப்படும் இன்னொரு வகை இடிஎம் எந்திரத்துக்கும் உரியது. அதில் செம்பு அல்லது கிராஃபைட்டில் பொருளின் வடிவத்தைச் செய்து, எண்ணெய்க்குள் வைத்து, முத்திரை குத்துவதுபோல மெதுவாக இறக்குவார்கள். அதே தீப்பொறி, வேறு வேலை. அந்தச் செம்பு முத்திரையையே பல நேரம் வயர் கட்டில்தான் வெட்டி எடுப்பார்கள் என்பது தனிக் கதை.

மோல்டில் வயர் கட்டின் இடம் ஊடுருவும் ஓட்டைகளிலும் பொருத்தங்களிலும் இருக்கிறது. பொருளை வெளியே தள்ளும் பின்கள் போகும் ஓட்டை, குழிக்குள் தனியாகச் செருகும் இன்சர்ட்டுகள், அவை உட்காரும் சதுரப் பொந்து, பக்கவாட்டில் நகரும் ஸ்லைடர், சாய்வாக எழும் லிஃப்டர் எல்லாம் இதில் அடக்கம். இந்தப் பொருத்தங்களில் இடைவெளி கூடினால் உருகிய பிளாஸ்டிக் அதற்குள் புகுந்துவிடும். பாட்டில் மூடியின் ஓரத்தில் மெல்லிய சவ்வு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமே, விரலைக்கூடக் கீறும், அதுதான் 'ஃபிளாஷ்'. நன்றாக ஓடும் பாலிபுரொப்பிலீன், நைலான் போன்றவற்றுக்கு 20, 30 மைக்ரான் சந்து கிடைத்தாலே போதும். இடைவெளி போதாமல் இறுகினாலும் வம்பு. பின் சூட்டில் விரிந்து சிக்கிக்கொள்ளும், அல்லது உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் பொருளில் கருகல் விழும். காற்று போக வேண்டும், பிளாஸ்டிக் போகக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவிலான குறுகிய பாதையில்தான் மோல்டு செய்பவரின் பிழைப்பு ஓடுகிறது.

ஜன்னல் சட்டங்களுக்கான அலுமினிய எக்ஸ்ட்ரூஷன் டை, பவுடர் மெட்டலர்ஜி டை, பற்சக்கரம், உலோக 3டி பிரிண்டிங்கில் அடித்தட்டோடு ஒட்டியிருக்கும் பாகங்களை அறுத்தெடுப்பது என வேறு வேலைகளும் இதற்கு உண்டு.

'மைக்ரான்ல கொடுப்போம்' என்பது உண்மையா?

நல்ல நிலையில் இருக்கும் எந்திரத்தில் கூட்டல் கழித்தல் 5 மைக்ரான் வழக்கமாகக் கிடைக்கும். உயர்தர எந்திரங்கள் 2 மைக்ரான் வரை போகும். ஆனால் அந்த எண் எந்திரத்தின் கேட்டலாக்கில் மட்டும் இருந்தால் போதாது.

முதலில் எத்தனை தடவை வெட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரே வெட்டில் முடிக்கலாம். விலை குறைவு, ஆனால் பரப்பு சொரசொரப்பாக இருக்கும், அளவும் அந்த அளவுக்கு வராது. துல்லியம் வேண்டுமென்றால், முதல் வெட்டுக்குப் பிறகு அதே பாதையில் மின்சக்தியைக் குறைத்து இரண்டு, மூன்று, நான்கு தடவை மேலோட்டமாகச் சீவ வேண்டும். இதை 'ட்ரிம் கட்' அல்லது 'ஸ்கிம் கட்' என்பார்கள். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் மட்டும் போகும். பரப்பு வழவழப்பாகிக்கொண்டே வரும்.

அடுத்து, வெப்பம். இதைத்தான் பல சின்னப் பட்டறைகள் கண்டுகொள்வதில்லை. 100 மி.மீ. இரும்பு 5 டிகிரி சூடேறினால் சுமார் 6 மைக்ரான் நீளும். காலையில் வெட்டத் தொடங்கி, மதியம் தகரக் கூரைக்கு கீழே வெயில் ஏறினால், எந்திரம் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் 2 மைக்ரான் பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. வயர் கட் அறைக்கு ஏசி போடுவது, தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வைப்பது எல்லாம் ஆளுக்கான வசதி இல்லை, அளவுக்கான செலவு.

மூலைகள் இன்னொரு தலைவலி. கம்பி விறைப்பாக இருந்தாலும் பொறிகளின் அழுத்தத்தில் நடுவில் லேசாகப் பின்னால் வளையும். நேர்க்கோட்டில் அது தெரியாது. திரும்பும் இடத்தில் கம்பி குறுக்கு வழியில் போக, மூலை மழுங்கும். அதனால் மூலைக்கு வரும்போது வேகத்தைக் குறைக்கும்படி எந்திரமே பார்த்துக்கொள்ளும்.

உள்மூலை எப்போதும் கூர்மையாக வராது என்பதையும் வரைபடம் போடுபவர்கள் நினைவில் வைக்க வேண்டும். கம்பி உருண்டை. 0.25 மி.மீ. கம்பி என்றால் அதன் பாதி, கூடவே பொறி இடைவெளி. ஆக, உள்மூலையில் சுமார் 0.15 மி.மீ. வளைவு இருந்தே தீரும். 'ஷார்ப் கார்னர்' என்று எழுதிவிட்டு அனுப்பினால், ஒன்று மெல்லிய கம்பி போட்டு நேரமும் காசும் கூடும், இல்லையென்றால் பொருத்தும்போது சண்டை வரும்.

தண்ணீர் சரியில்லை என்றால்?

குழாயில் வரும் தண்ணீர் இதற்கு ஆகாது. உப்பு கலந்த தண்ணீரில் மின்சாரம் எளிதாகக் கசியும், பொறி ஒழுங்காகப் பாயாது. அதனால் தண்ணீரை ரெசின் நிரப்பிய குடுவை வழியாக ஓடவிட்டு உப்பை நீக்குவார்கள். போர்வெல் தண்ணீரை நேரடியாக ஊற்றினால் ரெசின் சீக்கிரமே தீர்ந்துவிடும். முதலில் ஆர்ஓ, பிறகு ரெசின் என்பது பல இடங்களில் வழக்கம். ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் சந்தில் தூள் தேங்கி, கம்பி அறுந்து அறுந்து விழும்.

கார்பைடு வெட்டும்போது தண்ணீரின் தரம் இன்னும் முக்கியம். கார்பைடு துகள்களை ஒட்டிவைத்திருப்பது கோபால்ட். பழைய வகை மின்சுற்று உள்ள எந்திரங்களில், நீண்ட நேரம் தண்ணீரில் கிடந்தால் மின்பகுப்பில் அந்தக் கோபால்ட் கரைந்து போகும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும் டையின் முனை, பிரஸ்ஸில் போட்டதும் பொடிந்து உதிரும். புதிய எந்திரங்களில் இதைத் தடுக்கும் மின்சுற்றுகள் வந்துவிட்டன.

எங்கெல்லாம் வேலை கெடும்?

ஹார்டனிங் செய்த இரும்புக்குள் இழுவிசை ஒளிந்திருக்கும். கட்டியின் ஓரத்திலிருந்து நேராக வெட்டிக்கொண்டு உள்ளே போனால், வெட்டிய வாய் தானாகத் திறக்கும் அல்லது மூடும். அளவு போய்விடும், சில நேரம் கம்பியே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் ஓரத்திலிருந்து தொடங்காமல் உள்ளே ஓட்டை போட்டுத் தொடங்கச் சொல்கிறார்கள். ஹார்டனிங் செய்யும்போதே டெம்பரிங்கை ஒழுங்காகச் செய்திருந்தால் பாதிப் பிரச்சினை குறையும். வயர் கட்காரரிடம் சண்டைக்குப் போகும் பல புகார்களின் வேர் உண்மையில் உலையில்தான் இருக்கிறது.

கடைசித் துண்டு விழும் நேரம் இன்னொரு ஆபத்து. சுற்றி வெட்டி முடிக்கும்போது நடுத்துண்டு பிரிந்து சாய்ந்தால், கம்பியில் மோதி ஷார்ட் ஆகும். கனமான துண்டு என்றால் கீழே இருக்கும் நாசில் உடையும். அதனால் இரண்டு மூன்று மில்லிமீட்டரை வெட்டாமல் விட்டு எந்திரத்தை நிறுத்துவார்கள். ஆள் வந்து காந்தம் வைத்துப் பிடித்த பிறகு மீதியை வெட்டுவார்கள்.

இரவில் ஆளில்லாமல் ஓடவிடுவது இந்தத் தொழிலின் பெரிய வசதி. கம்பி அறுந்தால் தானே கோத்துக்கொள்ளும் எந்திரங்களும் இருக்கின்றன. ஆனால் நடுராத்திரியில் கரண்ட் போனால்? வெட்டு நின்ற இடத்தில் தழும்பு விழலாம், தண்ணீரில் கிடக்கும் இரும்பில் துருவும் ஏறும். யுபிஎஸ் அல்லது ஜெனரேட்டர் இல்லாமல் இந்த எந்திரத்தை வைத்துத் தூங்கப் போக முடியாது.

கண்ணுக்குத் தெரியாத 'வெள்ளை அடுக்கு'

தீப்பொறி உருக்கியதில் எல்லாமே தண்ணீரோடு போய்விடுவதில்லை. கொஞ்சம் அங்கேயே உறைந்து, வெட்டிய பரப்பின் மேல் மெல்லிய தோலாக ஒட்டிக்கொள்ளும். மைக்ரோஸ்கோப்பில் வெள்ளையாகத் தெரிவதால் அந்தப் பெயர். முரட்டு வெட்டில் அது 10, 20 மைக்ரான் வரை இருக்கலாம். நொறுங்கும் தன்மை உடையது, நுண்ணிய விரிசல்களும் இருக்கும்.

ஒரு பாட்டில் மூடி மோல்டில் இதனால் பெரிய ஆபத்து இல்லை. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் அடி வாங்கும் பஞ்சில் அந்த விரிசல் உள்ளே பரவி முனை உடையலாம். விமான எஞ்சினின் டர்பைன் வட்டில் என்றால் பேச்சே வேறு. அதில் இறகுகள் செருகும் பள்ளங்களை நெடுங்காலமாக ப்ரோச்சிங் என்ற பழைய முறையில் வெட்டி வந்ததற்கு, இந்த அடுக்கைப் பற்றிய பயமும் ஒரு முக்கியக் காரணம். ட்ரிம் கட் ஒவ்வொன்றும் இந்தத் தோலை மெலிதாக்கும். எனவே 'ஒரு கட் போதும், விலை குறைச்சுக்கோங்க' என்று கேட்பவர், எதைக் குறைக்கிறார் என்று தெரிந்து கேட்பது நல்லது.

யார் கண்டுபிடித்தது?

மின்பொறி உலோகத்தை அரிக்கும் என்பதை 1770-லேயே ஜோசப் பிரீஸ்ட்லி கவனித்துவிட்டார். ஆனால் அதை உருப்படியான கருவியாக்கியது சோவியத் தம்பதி போரிஸ் லசரென்கோ, நடாலியா லசரென்கோ. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் சுவிட்ச் முனைகள் பொறியால் தேய்வதைத் தடுக்கச் சொல்லி அவர்களிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. எண்ணெய்க்குள் வைத்துப் பார்த்தபோது, தேய்மானம் நிற்கவில்லை. ஒழுங்காகவும் கட்டுப்பாடாகவும் நடந்தது. தடுக்க முடியாததைப் பயன்படுத்திக்கொள்வோம் என்று 1943-ல் அதையே உலோகம் வெட்டும் முறையாக்கினார்கள். 1969-ல் சுவிட்சர்லாந்தின் ஆகி நிறுவனம், எண்ணியல் கட்டுப்பாட்டில் ஓடும் வயர் கட் எந்திரத்தைக் கொண்டுவந்தது. இன்று சந்தையில் ஜப்பானின் சோடிக், மிட்சுபிஷி, ஃபனக், மகினோ என்று பெயர்கள் நீள்கின்றன. இந்தியாவில் புனேவின் எலெக்ட்ரானிகா பல ஆண்டுகளாக இந்த எந்திரங்களைச் செய்துவருகிறது.

பித்தளையா, மாலிப்டினமா?

இன்னொரு வகையும் நம் ஊர்ப் பட்டறைகளில் பரவலாக ஓடுகிறது. சீனாவில் வளர்ந்த 'ஃபாஸ்ட் வயர்' முறை. சுமார் 0.18 மி.மீ. மாலிப்டினம் கம்பியை ஒரு உருளையில் சுற்றி, முன்னும் பின்னும் வேகமாக ஓடவிட்டு, அதே கம்பியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. எந்திர விலையும் ஓட்டும் செலவும் பல மடங்கு குறைவு. ஆனால் கம்பி ஓட ஓடத் தேய்வதாலும், திசை மாறும்போது பரப்பில் வரி விழுவதாலும், துல்லியம் 10, 20 மைக்ரான் அளவில் நிற்கும். சாவி பள்ளம், ஜிக், சாதாரண பிளேட் வேலை எல்லாவற்றுக்கும் இது தாராளம். மோட்டார் தகட்டு டைக்கு இதைத் தேர்ந்தெடுப்பது பொய்யான சிக்கனம்.

பித்தளையில் செலவு எங்கே போகிறது? 0.25 மி.மீ. கம்பி ஒரு மீட்டர் சுமார் 0.4 கிராம் எடை. நிமிடத்துக்கு 10 மீட்டர் ஓடினால் மணிக்கு 600 மீட்டர், கிட்டத்தட்ட கால் கிலோ. 5 கிலோ உருளை ஒரு நாள்கூட முழுதாகத் தாங்காது. ஒரு தடவை ஓடிய கம்பி மறுபடி வெட்ட உதவாது. தொட்டியில் சேர்ந்ததைப் பித்தளைப் பழைய விலைக்கு எடை போட்டு விற்பார்கள்.

வெளியில் கொடுத்து வெட்டுபவர்களுக்கு விலை சதுர மில்லிமீட்டர் கணக்கில் வரும். வெட்டும் நீளத்தைத் தடிமனால் பெருக்கிக்கொள்ளுங்கள். 40 மி.மீ. தடிமன் பிளேட்டில் 200 மி.மீ. சுற்றளவு என்றால் 8,000 சதுர மி.மீ. நிமிடத்துக்கு 100 சதுர மி.மீ. வேகத்தில் முதல் வெட்டுக்கு மட்டும் 80 நிமிடம். மேலே ட்ரிம் கட். பிளேட்டை 40-க்குப் பதில் 25 மி.மீ.யாக வடிவமைக்க முடிந்தால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நேரம் அங்கேயே மிச்சம். மில்லிங்கில் பத்து நிமிடத்தில் முடிகிற மென்மையான இரும்பு வேலையை வயர் கட்டுக்கு அனுப்புவது வெறும் தண்டச் செலவு.

இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?

ஐடிஐயில் 'டூல் அண்ட் டை மேக்கர்' பிரிவு இரண்டு வகையாக இருக்கிறது. ஒன்று டை, மோல்டு சார்ந்தது. மற்றது பிரஸ் டூல், ஜிக், ஃபிக்சர் சார்ந்தது. டிப்ளமோ வழியும் உண்டு. தமிழ்நாட்டில் டூல் இன்ஜினியரிங்குக்காகவே திண்டுக்கல்லில் ஒரு தனி அரசு நிறுவனம் இயங்குகிறது.

எந்திரத்தில் பட்டன் அமுக்கக் கற்றுக்கொள்ளச் சில வாரம் போதும். வரைபடத்தைப் பார்த்ததும் தொடக்க ஓட்டை எங்கே, துண்டு எந்தப் பக்கம் விழும், கிளாம்ப் எங்கே போட்டால் நாசில் இடிக்காது, எந்த முகத்தை அடிப்படையாக வைத்து டயல் ஓட்டுவது என்று யோசிக்க வருஷங்கள் ஆகும். ஆப்பரேட்டர் என்று சேர்பவருக்கும் புரோகிராமர் என்று உயர்பவருக்கும் சம்பளத்தில் விழும் வித்தியாசம் அந்த யோசனைக்குத்தான். பழைய ஃபிட்டர்கள் இருக்கும் டூல் ரூமில் வேலை கிடைத்தால் புதிதாக வருபவர்கள் விட்டுவிட வேண்டாம். வெட்டி வந்த பஞ்சை டைக்குள் இறக்கி, காகிதம் ஒன்றை வைத்து வெட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் இடைவெளி கூடியிருக்கிறது என்று காகிதத்தின் விளிம்பைப் பார்த்தே சொல்லும் ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.